கிராஃபிக்ஸ் அரியரைக் காட்டிப் பையனை மிரட்டாதீர்கள்

கரூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பத்தாவது முடித்த மகன் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் (இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடும் தொழில்) படிக்கிறேன் என்கிறான். பி.இ. மெக்கானிக்கல் படிக்கும் அவன் பெரியப்பா மகனோ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் அரியரோடு திண்டாடுகிறான். ‘அவனுக்கே வராத டிராயிங் இவனுக்கு வருமா? ஃபர்ஸ்ட் குரூப் எடு, அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பயம் நியாயம்தான், யோசனை சரியில்லை.

அண்ணனுக்கு ஏன் வரவில்லை? பிளஸ் டூ வரை, பொருளை ஒவ்வொரு பக்கமிருந்தும் பார்த்துத் தாளில் வரையும் புரொஜெக்‌ஷன் என்பதையே பார்க்காதவனுக்கு, ஒரே செமஸ்டரில் முப்பரிமாணமாக வரையும் ஐசோமெட்ரிக், வெட்டுமுகத்தை வரையும் செக்‌ஷன், மேற்பரப்பை விரித்து வரையும் டெவலப்மென்ட் எல்லாம் வந்து விழுகின்றன. சாய்த்து வெட்டிய கூம்பைக் கையில் எடுத்தே பார்க்காதவன், படிகளை மனப்பாடம் செய்கிறான். தேர்வில் கோணத்தை மாற்றிக் கேட்டால் தீர்ந்தது கதை. ஒரு கேரட்டைச் சாய்வாக நறுக்கி, வெட்டிய முகத்தை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். நீள்வட்டம் தெரியும். அவன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஜன்னல் சட்டத்தை அளந்து, முன்னால், பக்கத்தில், மேலே என மூன்று பார்வையில் நோட்டில் போடுகிறான் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டு வருடப் படிப்பு; பத்தாவது தேறினால் போதும். முதலில் பென்சிலும், டிராஃப்டர் என்ற வரைகருவியும். கோட்டின் தடிமன், அளவு குறிப்பது, நட்டு போல்ட் வரைவது. அப்புறம் பாகங்களைச் சேர்த்துக் காட்டும் அசெம்பிளி டிராயிங், கணினியில் வரையும் கேட் (CAD). ஃபிட்டிங், வெல்டிங் பட்டறைகளிலும் கொஞ்ச நாள் நிற்க வைப்பார்கள். வரைந்த துண்டை அரத்தால் ராவிப் பார்த்தவனுக்குத்தான் ஒரு மில்லிமீட்டரின் அருமை தெரியும். அண்ணனுக்குக் கிடைக்காதது இதுதான். முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, பிறகு பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டு. கதவு எதுவும் மூடவில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நாளைக்கு மேனேஜ்மென்ட் சீட்டுக்காக நகையை அடகு வைக்கும் பேச்சை இன்றே நிறுத்துங்கள். வட்டி கட்டப்போவது சொந்தக்காரர்கள் இல்லை, நீங்கள்.

ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. விண்ணப்பிக்கும் முன் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு அவனையும் அழைத்துப்போய் டிராயிங் ஹாலைப் பாருங்கள். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை மட்டும் அவனே நிரப்பட்டும்.