வாய் திறக்காத இரண்டு வருடம்

அன்புள்ள அம்மா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு வில்லாபுரம். என் மகன் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான், அதாவது செல்போனில் சேர்ந்தான். இப்போது ஆறாம் வகுப்பு. மனக்கணக்கு நன்றாகப் போடுவான். கேள்வி கேட்டால் வாயால் சரியாகப் பதில் சொல்வான். ஆனால் தமிழோ இங்கிலீஷோ நாலு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான்.

கொரோனா சமயத்தில் தினமும் வீட்டுப்பாட நோட்டைப் படமெடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடச் சொல்வார்கள். இவன் எழுத மாட்டேன் என்று அழுவான். கடைசியில் என் மனைவி இடது கையால் எழுதி அனுப்புவாள். மிஸ் ‘வெரி குட்’ போடுவார். எங்கள் தெருவில் காலேஜ் படிக்கிற பெண் ஒன்று மாடிப்படியில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அதெல்லாம் கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைகள், தமிழ் மீடியம், கொரோனா பயம் வேறு, அதனால் இவனை அனுப்பவில்லை.

இப்போது ஆன்லைனில் வாசிப்புப் பயிற்சி ஒன்று சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். சேர்க்கலாமா? செல்போனில் படித்ததால் கண் கெட்டிருக்குமா? வகுப்பே நடக்காத வருடத்துக்கு ஃபீஸ் வாங்கிய பள்ளியைக் கேட்க வழி உண்டா?

எஸ்., வில்லாபுரம்

அன்புள்ள எஸ்,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்கு, அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். செல்போனால் கெட்டதா வேறு எதனாலா என்ற ஆராய்ச்சி அப்புறம். ஃபீஸ் விஷயத்தில், 2020 ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகள் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்து அதைக் கிளறி ஒன்றும் ஆகப்போவதில்லை, விட்டுவிடுங்கள்.

பதினெட்டாயிரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மாடிப்படியில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தது, நாங்கள் அனுப்பவில்லை என்று. அதைத் தாண்டி என்னால் உங்கள் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. கொஞ்ச காலமாகவே என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

கொரோனா பயம் என்கிறீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2020 ஜூன் 24-இல் மதுரையை மறுபடி முழுசாக அடைத்தார்கள், பரவை, திருப்பரங்குன்றம் உட்பட. அந்த வருடம் மீனாட்சி கல்யாணத்தைப் பட்டர்கள் மட்டும் நின்று நடத்த, நாம் வீட்டிலிருந்து போனில் பார்த்தோம். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. அப்பேர்ப்பட்ட நேரத்தில் பிள்ளையை வாசலைத் தாண்ட விடாத தகப்பனை யார் என்ன சொல்ல முடியும்? 2021 மே மாதமும் அப்படித்தான், ஊரே ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அலைந்த மாதம் அது.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே? 2021 பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் ஜல்லிக்கட்டு நடந்தது. ஜனவரி 19-இல் பத்தும் பன்னிரண்டும் பள்ளிக்குப் போனார்கள். ஏப்ரல் 6-இல் ஓட்டுப் போட்டோம், அதற்கு முன்னால் தெருத்தெருவாகப் பிரசாரம் நடந்தது. ஒன்றாம் வகுப்புக்காரனோ 2021 நவம்பர் 1 வரை வீட்டில் கிடந்தான். உங்கள் மகன் முதல்முதலாகப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பின் நடுவில்தான். உட்கார்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஒமிக்ரான் வந்து, 2022 பிப்ரவரி வரை மறுபடி வீடு.

ஆகவே பயத்தை ஒரு ஓரமாக வைப்போம். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் கார்ப்பரேஷன் ஸ்கூல் வருகிறது, அடுத்து தமிழ் மீடியம், கடைசியில்தான் கொரோனா. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களாக எழுதிய வரிசை இது. ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடுகள். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் உங்களைப் போல இன்னொருவர் கடையிலோ பட்டறையிலோ மாசச் சம்பளத்துக்கு நிற்பவர்களாகத்தான் இருப்பார்கள். ஃபீஸ் கட்டுகிற வீடு என்ற ஒரே வித்தியாசத்துக்காக, பத்தடி தள்ளி இலவசமாகக் கிடைத்த ஒரு வாத்தியாரம்மாவை உங்கள் பிள்ளைக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள். நீங்கள் மட்டும் செய்த காரியம் என்றால் நான் இவ்வளவு சத்தம் போட மாட்டேன். மதுரையில் பாதித் தெருக்களில் இது நடந்தது.

அதற்குப் பதிலாக அவனுக்கு என்ன கிடைத்தது? ஒன்று முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது, ஒரு வகுப்பு 30 முதல் 45 நிமிடம் என்று மத்திய அரசு 2020 ஜூலையில் வழிகாட்டியது. பிஞ்சுக் கண்ணுக்கு அதுவே அதிகம், சரி. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டெண்டன்ஸுக்குப் பத்து நிமிடம். ‘கேக்குதா மிஸ், கேக்குதா மிஸ்’ என்பதில் கொஞ்சம் போய்விடும். மிச்ச அரை மணியில் தலைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. அதனால்தான் எல்லா மிஸ்ஸும் முதல் வேலையாக ‘எல்லாரும் மியூட்ல போடுங்க’ என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வீட்டு மிக்ஸி சத்தத்துக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவே வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் ஒன்றாம் வகுப்பில் வாசிப்பு முழுக்க வாயில்தான் இருக்கிறது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால் உங்களிடம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளை ‘ப’ என்கிறது, ‘ட’ என்கிறது, ‘ம்’ என்கிறது. மூன்றையும் வேகமாகச் சொல்லிப் பார்க்கிறது. தன் காதில் ‘படம்’ என்று விழுந்ததும் முகம் மலர்கிறது. நடுவில் ஒரு ‘ட்’ வந்தால் அது ‘பட்டம்’ ஆகிவிடுவது கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாது. வாய்விட்டுச் சொன்னால்தான் காது பிடித்துக்கொள்ளும். பிசகிய நொடியிலேயே பக்கத்தில் இருப்பவர் ‘ம்ஹும், மறுபடி பாரு’ என்று சொல்ல வேண்டும். அடுத்த நிமிடம் சொன்னால் பிரயோசனமில்லை, பிள்ளை அடுத்த வரிக்குப் போயிருக்கும். உங்கள் மகன் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகிக்கிறான் என்றீர்களே, ‘பட’ என்று கண்ணில் பட்டால் படகு, படம் என்று எதையாவது சொல்லித் தப்பிக்கிறான். இது சோம்பேறித்தனம் இல்லை. வாய் திறக்கவிடாமல் இரண்டு வருடம் வைத்திருந்தபோது அவனாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி. புத்திசாலிப் பிள்ளை என்பதால் அதை வைத்துக்கொண்டே ஆறாம் வகுப்பு வரை வந்துவிட்டான்.

நான் படித்தது உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், ஒரே கூடம். அவர் நாலாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது எங்களை ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தியிடம் ஒப்படைத்துவிடுவார். அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி வைத்திருப்பாள். என்னைத் தொடையோடு தொடை ஒட்ட உட்காரவைத்து, வரிக்கு அடியில் ஈர்க்கை நகர்த்துவாள். நீளமான வார்த்தை வந்தால் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை விலக்குவாள். ‘க’... ‘கத்’... ‘கத்த’... ‘கத்தரி’... முழு வார்த்தையும் தெரிவதற்குள் நான் ‘கத்தி’ என்று கத்திவிட்டால் காதைத் திருகுவாள். விரல் முழுசாக விலகி, நான் ‘கத்தரிக்காய்’ என்று சொல்லும் வரை ஈர்க்கு நகராது. அவளுக்கே ழகரம் வராது, வாளைப்பளம் என்றுதான் சொல்லிக்கொடுத்தாள். அது பின்னால் சரியாகிவிட்டது. வாசிப்பு அவள் விரலுக்கடியில்தான் எனக்கு வந்தது.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் நடைமுறையாகவே இருந்தது, சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். 1789-இல் சென்னையில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார், பெரிய பையன்களைச் சின்னவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார், 1797-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். பிரிட்டனில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளி இருக்கிறது. திண்ணைப் பள்ளியை நான் கொண்டாட வரவில்லை. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளையையும் உட்காரவிடவில்லை, அடியும், கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டமும் உண்டு. அதெல்லாம் ஒழிந்தது நல்லது. ஆனால் ஒழிய வேண்டியவற்றோடு சேர்த்து, பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் கைவிட்டுவிட்டோம்.

2020-இல் வீட்டுக்கு வீடு காலேஜ் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டில் ஓர் ஆறு வயதுக் குழந்தை எழுத்துத் தெரியாமல் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரு படிக்கட்டில் உட்காரவைக்க எந்த நெட் கனெக்‌ஷனும் வேண்டியதில்லை. உங்கள் தெருப் பெண்ணுக்கு அது தானாகவே தோன்றியிருக்கிறது. அரசு அதைக் கையில் எடுத்தது 2021 அக்டோபர் 27-இல்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது. சாயங்காலம் தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், பெரும்பாலும் பெண்கள். நல்ல திட்டம், நான் மனசார வாழ்த்துகிறேன். ஆனால் நாம் ஏன் அரசாணை வரும் வரை காத்திருந்தோம் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதில் பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது படிப்பில் பெரிய பள்ளம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அப்படி நிரம்பியதில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போனது போனதுதான் என்று இடிந்துபோய் உட்கார வேண்டாம் என்பதற்காகத்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். அவரை நான் திட்டவில்லை. பள்ளிக்கு நோட்டின் படம் வேண்டியிருந்தது, படம் போய்ச் சேர்ந்தது, ‘வெரி குட்’ வந்தது. படத்துக்குப் பின்னால் பிள்ளை இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, இடது கையால் கோணல் எழுத்து எழுதிய அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு மனசு பிசைகிறது. பிள்ளை ‘ண’வுக்கு எத்தனை சுழி போடுவான், ‘ஞ’வில் எங்கே தடுமாறுவான் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தவரால்தான் அப்படி எழுத முடியும். இனி அவனோடு உட்கார வேண்டியவர் அவர்தான். நீங்கள் கடை முடிந்து வருகிற நேரத்துக்குப் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும்.

இப்போது உங்கள் பதினெட்டாயிரம். கட்டாதீர்கள். மறுபடி ஒரு திரை, மறுபடி ஒரு மியூட் பட்டன், வேண்டாம். எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன, வரி ஆடுகிறது என்று அவன் சொன்னால் மட்டும் அது வேறு விஷயம், குழந்தைகள் டாக்டரிடம் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று, படக்கதைப் புத்தகம் நாலைந்து வாங்குங்கள். தினமும் அரை மணி வாய்விட்டு வாசிக்கட்டும். ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து ‘வாசிடா’ என்றால் கூனிக்குறுகிப்போவான். அதனால் தெருவில் யூகேஜியோ ஒன்றாம் வகுப்போ படிக்கிற ஒரு வாண்டைப் பிடியுங்கள், எந்த ஸ்கூலாக இருந்தாலும் சரி. ‘இதுக்குக் கதை வாசிச்சுக் காட்டு, உன்னை விட்டா ஆளில்லை’ என்று அவனிடம் சொல்லுங்கள். சின்னப் புத்தகத்தை வைத்திருப்பதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். உங்கள் மனைவி எட்ட உட்கார்ந்து பூக் கட்டுவதோ கீரை ஆய்வதோ செய்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருக்கட்டும். எங்கே ஊகிக்கிறான் என்று பார்த்துவைத்துக்கொண்டு, அந்த வார்த்தைகளை மட்டும் மறுநாள் தனியாக விரல் வைத்து மூடி வாசிக்கவைக்கட்டும். இவன் படகைப் படம் என்று வாசித்தால் அந்த வாண்டே படத்தைப் பார்த்துவிட்டு ‘இல்லண்ணே, இது படகு’ என்று சொல்லும். அது சொன்னால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வான். நீங்கள் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் அந்த அரை மணிக்கு மட்டும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.