டூஷேன் நோயில் போன தசை ஏன் திரும்ப வளர்வதில்லை?

அக்கா மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய். புரோட்டீன் பவுடரும் உடற்பயிற்சியும் கொடுத்தால் போன தசை திரும்ப வளராதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எலித் தசையை நறுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற ஆராய்ச்சி மாணவி. எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் விஷயம், தசை வளராமல் இல்லை. வளர்ந்து வளர்ந்துதான் ஓய்ந்துபோகிறது. நல்ல தசையைக் குறுக்காக நறுக்கிச் சாயம் ஏற்றினால், இளஞ்சிவப்பு இழைகளின் ஓரத்தில் உட்கருக்கள் ஊதாப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். ஒரு முறை சிதைந்து மறுபடி உருவான இழையில் அந்தப் புள்ளி நட்டநடுவில் இருக்கும். டூஷேன் நோயில் இல்லாமல் போவது, தசை இழையின் சவ்வைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம். அதே புரதம் இல்லாத எம்டிஎக்ஸ் என்ற ஆய்வக எலியின் தசையைப் பார்த்தால், பெரும்பாலான இழைகளில் புள்ளி நடுவில்தான்! அத்தனையும் பழுது பார்க்கப்பட்டவை.

அந்தப் பழுது பார்க்கும் வேலையைச் செய்வது சாட்டிலைட் செல்கள், அதாவது இழையின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் தசை ஸ்டெம் செல்கள். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் கண்டுபிடித்தவை. டிஸ்ட்ரோபின் இல்லாத இழையின் சவ்வு, சுருங்கி விரியும்போதே கிழிகிறது. இந்த செல்கள் விழித்துப் பெருகிச் சரி செய்கின்றன, மறுபடி கிழிகிறது. போதாக்குறைக்கு, டிஸ்ட்ரோபின் சாட்டிலைட் செல்லுக்குள்ளும் தேவை, அது இல்லாவிட்டால் அந்த செல் ஒழுங்காகப் பிரிவதில்லை என்று 2015-இல் கனடாவின் ஒட்டாவாவில் மைக்கேல் ருட்னிக்கியின் ஆய்வுக் குழு காட்டியது. எலி ஓரளவு தாக்குப்பிடித்துவிடுகிறது. பையன்களுக்கு அப்படி இல்லை, தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் பருத்துத் தெரிவதும் பெரும்பாலும் அதனால்தான். அதைப் பார்த்து பலம் வந்துவிட்டதாக நினைக்கிற வீடுகள் உண்டு.

தசையைப் பெருக்கினால் போதும் என்று விஞ்ஞானிகளும் நம்பினார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தை 1997-இல் கண்டுபிடித்தார்கள். அது வேலை செய்யாத பெல்ஜியன் புளூ மாடுகள் பயில்வான் மாதிரி இருக்கும். அதைத் தடுக்கும் டோமாக்ரோசுமாப் மருந்தின் டூஷேன் சோதனையை, பலன் இல்லாததால் ஃபைசர் 2018-இல் நிறுத்தியது. 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவினோஸ்டாட் வேறு வழி: தசைக்குள் நடக்கும் அழற்சியையும் தசை இழப்பையும் குறைக்கப் பார்க்கிறது. என் கணக்கில் இதுதான் சரியான திசை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புரோட்டீன் பவுடர் அந்தக் கிழிசலை அடைக்காது. எடை தூக்குவது, படிக்கட்டில் திரும்பத் திரும்ப இறங்குவது எல்லாம் கெடுதலே செய்யும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நீட்சிப் பயிற்சியும், மூச்சு வாங்காத அளவுக்கு நீச்சலும் போதும். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடுகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம். முறையான ஆய்வுக்கு வெளியே அதைப் போடுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஏற்கவில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பையனின் மரபணு அறிக்கையில் எந்த எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து வையுங்கள், சில மருந்துகள் அதைப் பொறுத்தவை. அக்காவுக்கும் கேரியர் டெஸ்ட் எடுக்க வேண்டும், அதாவது அந்த மரபணுக் கோளாறை அவர் சுமக்கிறாரா என்று பார்க்கும் சோதனை. அவருக்கு இருந்தால், உங்கள் வீட்டில் மற்ற சகோதரிகளும் எடுத்துக்கொள்வது நல்லது.