சாப்பிட்டதும் தடிப்பு, எது காரணம்?

கேள்வி: சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல கை, கழுத்தெல்லாம் செவசெவன்னு தடிச்சு அரிக்குது டாக்டர், மறுநாள் சுவடே இல்ல. எது ஒத்துக்கலைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: அர்டிகேரியாவா (தோல் திடீர்னு அரிப்போட தடிச்சு மறையுற பிரச்சனை) இருக்கலாம்ங்க, அதுல ஒவ்வொரு தடிப்பும் பொதுவா 24 மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். சாப்பாடுதான் காரணம்னா பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள்ள காட்டிடும், அதனால என்ன சாப்பிட்டீங்க, எப்போ, என்ன மாத்திரை போட்டீங்க (சில வலி மாத்திரையும் இதே வேலைய காட்டும்!) எல்லாத்தையும் எழுதி வைங்க, தடிப்ப போன்ல போட்டோவும் எடுத்துக்கோங்க, கிளினிக் வர்றப்போ அது மறைஞ்சிருக்கும்ல. பால், முட்டை, கோதுமைன்னு ஒரேயடியா ஒதுக்காதீங்க, சத்துக்குறைவுதான் மிச்சம். எந்த சாப்பாடு ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க ஐஜிஜின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கிறதும் தண்டச்செலவு. உதடு, நாக்கு வீங்கி மூச்சு திணறுனா அலர்ஜி மாத்திரைய நம்பி உக்காராம உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க, அந்த சாப்பாட்ட வீட்ல மறுபடி சாப்பிட்டு பாக்குற வேலையே வேணாம்.