ஒரே நாடு, ஒரே ஜெனரல், ரெண்டு முடிவு (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணா,

எகிப்துல 2011ல அவ்ளோ ஜனம் தெருவுக்கு வந்து முபாரக்கை விரட்டுனாங்க, ரெண்டே வருஷத்துல மறுபடி ராணுவம் வந்து உக்காந்துடுச்சு. தென் கொரியாவுல மட்டும் 1987 போராட்டம் எப்படி ஜெயிச்சு இன்னிக்கு வரைக்கும் நிக்குது? பணமும் படிப்பும் வந்தா ஜனநாயகம் தானா வந்துடும்னு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். சரியா?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

பணம் வந்தா தானா வரும்னா சவுதிக்கு எப்பவோ வந்திருக்கணும். அதுல பாதி உண்மை இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா கொரியா கதையை முழுசா பாத்தா வேற ஒண்ணு தெரியுது.

அங்க ஜனம் 1980லயும் எழுந்துச்சு, தோத்துச்சு. 1987ல ஜெயிச்சுது. ரெண்டு தடவையும் எதிர்ல நின்னது ஒரே ஆள்தான், ஜெனரல் சுன் டூ-ஹுவான். 1979 அக்டோபர்ல சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயை அவரோட உளவுத்துறை தலைவரே சுட்டுக் கொன்னாரு, அந்தக் குழப்பத்துல டிசம்பர்ல சுன் ராணுவத்தை கைப்பத்துனாரு, அடுத்த மே மாசம் நாடு முழுக்க ராணுவ சட்டம். அதை எதிர்த்து குவாங்ஜு ஊரே எழுந்து, பாராசூட் படையை வெளிய தள்ளி, சில நாள் ஊரை தங்களோட கையில வெச்சிருந்தாங்க. ஆனா தனியா நின்னாங்க. பத்திரிகை எல்லாத்துக்கும் சென்சார், எதிர்க்கட்சி தலைவர் கிம் டே-ஜுங் ஜெயில்ல, மத்த ஊருக்கு என்ன நடக்குதுன்னே சரியா தெரியல. மே 27 விடியக்காலைல டாங்க் உள்ள வந்துச்சு, முடிஞ்சுது.

1987 ஜனவரில பார்க் ஜாங்-சுல்னு ஒரு காலேஜ் பையன் போலீஸ் விசாரணைல செத்துப்போறான். மேஜையை ஒரு தட்டு தட்டுனோம், பையன் பொத்துனு விழுந்துட்டான்னு போலீஸ் கதை விட்டுச்சு (லாக்கப் சாவு கதை எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் போல). தண்ணில முக்கி சித்திரவதை பண்ணது வெளிய வந்துச்சு, அதுக்கப்புறமும் மூடி மறைச்சதை மே மாசம் கத்தோலிக்க பாதிரியார்கள் போட்டு உடைச்சாங்க. ஜூன்ல மாணவர்களோட சேர்ந்து டை கட்டின ஆபீஸ்காரங்களும் தெருவுல இறங்கிட்டாங்க. கோரிக்கை ஒண்ணே ஒண்ணு, ஜனாதிபதியை நாங்களே நேரடியா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கணும். அது எல்லாருக்கும் புரிஞ்சுது. அடுத்த வருஷம் சியோல்ல ஒலிம்பிக்ஸ் வேற, ராணுவத்தை இறக்காதீங்கன்னு அமெரிக்காவும் சொல்லிடுச்சு.

இதெல்லாம் பல பேர் எழுதினதுதான். எனக்கு முக்கியமா படுறது இதுக்கப்புறம் நடந்தது. ஜூன் 29ந் தேதி, தனக்கப்புறம் ஜனாதிபதியா வரணும்னு சுன் தேர்ந்தெடுத்து வெச்சிருந்த ரோ டே-வூ திடீர்னு நேரடி தேர்தலுக்கு சம்மதம்னு அறிவிச்சாரு. மனசு மாறிட்டாருன்னு நெனைக்காதீங்க, ரெண்டு கிம்மும், அதாவது எதிர்க்கட்சி தலைவர்கள் கிம் டே-ஜுங்கும் கிம் யங்-சாமும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் கொடுக்க மாட்டாங்க, தேர்தல் வெச்சாலும் நம்ம ஜெயிக்கலாம்னு கணக்கு போட்டாங்க. கணக்கு பலிச்சுது. டிசம்பர்ல ரோ வெறும் 36.6 சதவீதத்துல ஜெயிச்சாரு, ரெண்டு கிம்முக்கும் சேர்த்து 55 சதவீதம்!

அன்னிக்கு போராடினவங்க வயிறு எப்படி எரிஞ்சிருக்கும். ஆனா அந்தத் தோல்விதான் கொரியாவை காப்பாத்துச்சுன்னு எனக்கு தோணுது. பழைய ஆளுங்களுக்கு தேர்தல்னா தூக்குமேடை இல்ல, நாமளும் ஆடலாம்ங்கிற நம்பிக்கை வந்துச்சு, அதனால 1988ல பார்லிமென்ட்ல மெஜாரிட்டி போனப்பகூட ராணுவம் அசையல. 1990ல கிம் யங்-சாம் தன் கட்சியை ரோ கட்சியோடயே இணைச்சுட்டாரு, துரோகின்னு திட்டுனாங்க, அந்த ஆளே ஜனாதிபதியாகி 1993ல ஹனாஹோங்கிற ராணுவ ரகசிய கும்பலை களை எடுத்தாரு. 1996ல சுன்னுக்கு மரண தண்டனையே விதிச்சாங்க, அப்புறம் ஆயுளா குறைஞ்சு, 1997 டிசம்பர்ல மன்னிப்பு. அதுக்கு சம்மதம் சொன்னது புதுசா ஜெயிச்சிருந்த கிம் டே-ஜுங், 1980ல சுன் ஆட்சி யாருக்கு மரண தண்டனை கொடுத்துச்சோ அதே மனுஷன். குவாங்ஜுல புள்ளைய பறிகொடுத்தவங்களுக்கு இது நியாயமான்னா இல்லதான். 2021ல சாகுற வரைக்கும் சுன் மன்னிப்பு கேக்கல.

இப்போ எகிப்துக்கு வாங்க. முபாரக் கட்சியை 2011 ஏப்ரல்லயே கோர்ட் கலைச்சுடுச்சு. 2012 ஜனாதிபதி தேர்தல்ல முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தோட மோர்சி 51.7 சதவீதத்துல ஜெயிச்சாரு. ராணுவத்துக்கு இழக்க கம்பெனியும் நிலமும் ஏகப்பட்டது, ஓட்டு வாங்கி திரும்ப வர்றதுக்கு மட்டும் ஒரு கட்சி கிடையாது. 2013 ஜூலைல டாங்க் எடுத்துட்டு வந்துட்டாங்க. கட்சியை கலைச்சது அன்னிக்கு எல்லாருக்கும் சந்தோஷமாதான் இருந்திருக்கும்.

மறுபடி கொரியா. 2024 டிசம்பர் 3 ராத்திரி அப்போதைய ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவ சட்டம் கொண்டுவந்தப்ப, எம்பிங்க சுவர் ஏறிக் குதிச்செல்லாம் பார்லிமென்ட்டுக்குள்ள போய் 190க்கு 0ன்னு ஓட்டு போட்டு ரத்து பண்ணாங்கல்ல, அந்த 190ல 18 பேர் யூனோட சொந்தக் கட்சிக்காரங்க. அந்தக் கட்சி எத்தனை தடவை பேர் மாத்தியிருந்தாலும் வேரைத் தேடிப் போனா ரோ டே-வூ கட்சிலதான் போய் நிக்கும்.