பெஸ்டோவை அரையுங்கள், நியோக்கியை வாங்குங்கள்

கேள்வி: வேலை முடிந்து வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடுகிறது. போன வாரம் ஒருநாள் ஆசைப்பட்டு நியோக்கி (இத்தாலிய உருளைக்கிழங்கு உருண்டை), பெஸ்டோ (பேசில் என்ற இத்தாலியத் துளசி இலையில் அரைக்கும் பச்சை சாஸ்) இரண்டையும் வீட்டிலேயே செய்தேன். உருளைக்கிழங்கைப் பிசையப் பிசைய கையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. மைதா சேர்த்துச் சேர்த்து ஒருவழியாக உருட்டி வேகவைத்தால், ரப்பர் மாதிரி இருந்தது. பெஸ்டோ அரைக்கும்போது நல்ல பச்சையாகத்தான் இருந்தது. தட்டுக்கு வந்தபோது கறுத்து, லேசாகக் கசந்தது. சாப்பிட்டு முடிக்க ஒன்பதரை. "ரெண்டையும் கடையில வாங்கிடலாமே" என்கிறார் கணவர். வாரநாளில் இதைச் செய்வது சாத்தியமா, இல்லை நான்தான் வீண்வேலை பார்க்கிறேனா?

பதில்: உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. நியோக்கியைக் கடையில் வாங்குங்கள், பெஸ்டோவை வீட்டில் அரையுங்கள்.

பாக்கெட்டில் வரும் உருளைக்கிழங்கு நியோக்கி சுமாருக்கு மேல்தான் இருக்கும். கையால் செய்த அளவுக்கு மிருதுவாக இருக்காது, ஆனால் வாரநாள் இரவுக்குத் தாராளமாகப் போதும். பாட்டில் பெஸ்டோவை அப்படிச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக அதைச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பேசில் இலையின் மணம் சூடு பட்டால் நிற்காது. பலவற்றில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் சூரியகாந்தி எண்ணெய்தான் இருக்கும், பைன் கொட்டை பெயருக்குத்தான். வீட்டில் அரைக்கும் பெஸ்டோவுக்கோ அடுப்பே வேண்டாம், தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். உழைப்பைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரிய பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றுங்கள். மிக்ஸி ஜாரைக் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்தால் இன்னும் நல்லது. 500 கிராம் நியோக்கிக்கு, காம்பு நீக்கிய பேசில் இலை 50 கிராம், சின்னப் பூண்டுப் பல் ஒன்று, பைன் கொட்டை 30 கிராம், துருவிய பார்மெசான் (கெட்டியான இத்தாலிய சீஸ்) 50 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, கொஞ்சம் கல் உப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெஸ்டோவின் ஊரான இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் பார்மெசானோடு கொஞ்சம் பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸும் போடுவார்கள். கிடைத்தால் பத்து கிராம் மாற்றிப் போடலாம், கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம். பைன் கொட்டை விலை அதிகம் என்றால் வால்நட்டோ பாதாமோ முந்திரியோ போடுங்கள். ஆனால் கையில் ஒன்றை எடுத்து மென்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பழசான கொட்டையில் வரும் சிக்கு வாடையைப் பேசில் மறைக்காது. பூண்டுக்குள் பச்சை முளை இருந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். நீங்கள் சைவம் என்றால் ஒரு விஷயம்: அசல் பார்மெசானான பார்மிஜானோ ரெஜியானோவில், பாலைத் திரியவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. லேபிளைப் பார்த்து, தாவர ரென்னெட்டில் செய்த கெட்டியான சீஸை வாங்கிக்கொள்ளலாம்.

இலையைக் கழுவியதும் துணியில் ஒற்றி நன்றாகக் காயவிடுங்கள். ஈர இலையை அரைத்தால் பெஸ்டோ நீர்த்துப்போகும். முதலில் பூண்டு, உப்பு, கொட்டை மூன்றையும் கொரகொரவென்று ஒரு சுற்று. பிறகு இலையும் பாதி எண்ணெயும். இங்கேதான் பொறுமை வேண்டும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பல்ஸில் ஓரிரு விநாடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், கரண்டியால் ஓரத்தை வழித்துவிடுங்கள், மறுபடி ஓட்டுங்கள். இலைத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிகிற பதத்திலேயே நிறுத்திவிடலாம். சீஸையும் மீதி எண்ணெயையும் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு கரண்டியால் கலந்தால் போதும்.

நீங்கள் சொன்ன கசப்பு அனேகமாக எண்ணெயிலிருந்து வந்திருக்கும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயில் இயல்பாகவே கசப்புச் சத்துகள் உண்டு. பிளேடு வேகமாகச் சுற்றி எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கும்போது அந்தக் கசப்பு தூக்கலாகத் தெரியும். பாதி எண்ணெயைக் கையால் கலக்கச் சொன்னது அதனால்தான். கல் உரல் இருந்து, இடிக்கத் தெம்பும் இருந்தால் அதுதான் உத்தமம். ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இனி கறுப்பு. கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் பெஸ்டோவை வாணலியில் ஊற்றி, நியோக்கியைப் போட்டு அடுப்பிலேயே புரட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மிக்ஸியில் பச்சை, தட்டில் கறுப்பு என்றால் நடுவில் நடந்தது வேறென்ன? பேசில் இலை நசுங்கியதும் அதிலுள்ள ஒரு என்சைம் காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்ற ஆரம்பிக்கும். அரைக்கும் சூடும் வாணலிச் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், பச்சையும் போகும், மணமும் போகும். இலையைப் பத்து விநாடி கொதிநீரில் முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் என்சைம் அடங்கிவிடும், நிறம் இரண்டு மூன்று நாள் நிற்கும். விருந்துக்கு முன்கூட்டியே அரைத்துவைப்பவர்களுக்கு அது சரி. மணம் கொஞ்சம் குறையும் என்பதால், அரைத்த கையோடு சாப்பிடப்போகிற உங்களுக்குத் தேவையில்லை. பெஸ்டோவை அடுப்பில் ஏற்றாமல் இருந்தாலே போதும்.

அதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். உப்புப் போடுங்கள். ஜெனோவாவில் பெஸ்டோ பாஸ்தாவோடு உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் அதே தண்ணீரில் வேகவைத்துக் கலப்பது வழக்கம். நியோக்கியே உருளைக்கிழங்குதான், ஆகவே பீன்ஸை மட்டும் விரல் நீளத்துக்கு நறுக்கி முதலில் போட்டுவிடுங்கள். தனியாகக் காய்கறி செய்கிற வேலை மிச்சம். ஐந்து நிமிடம் கழித்து நியோக்கி. முதலில் அடியில் கிடக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். மிதந்ததும் அரித்தட்டால் அள்ளி எடுத்துவிடுங்கள், எல்லாம் வரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்தவை குழைந்துவிடும். வெந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள், ஒரு கப் வேண்டும்.

அகலமான கிண்ணத்தில் பெஸ்டோவைப் போட்டு, அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்துங்கள். மேலே நியோக்கியும் பீன்ஸும். மெதுவாகப் புரட்டும்போது தண்ணீரிலிருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் சீஸையும் சேர்த்துப் பிடித்து, பெஸ்டோ ஒவ்வொரு உருண்டையின் மேலும் வழுவழுவென்று படியும். எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றால் இன்னும் ஒரு கரண்டி விடுங்கள். வேகவைத்தது உங்களுக்கு ரொம்ப மெத்தென்று தோன்றினால், பாக்கெட் நியோக்கியை வேகவைக்காமலே கொஞ்சம் எண்ணெயில் மிதமான தீயில் பொன்னிறமாக வறுக்கலாம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மிருது. குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். அப்போதும் தீயை அணைத்து, வாணலியின் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் பெஸ்டோ.

ரோமில் வியாழக்கிழமை என்றால் நியோக்கி என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஆக, வாரநாளில் இதைச் செய்ய ஆசைப்பட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. கையால் செய்தே தீருவேன் என்றால் விடுமுறை நாளில் செய்யுங்கள். உங்கள் மாவு ஒட்டியதற்குக் காரணம் ஈரம். தோலுரித்து நறுக்கி வேகவைத்த கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். அந்த ஈரத்தை அடக்க மைதாவை அள்ளிப் போட்டு, போட்டதைப் பிசையப் பிசைய, மைதாவின் பசை இறுகி ரப்பராகிவிடுகிறது. மாவுத்தன்மையுள்ள முற்றிய கிழங்காகப் பார்த்து, தோலோடு 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் சுட்டு, சூடாக இருக்கும்போதே மசித்துப் பரப்பி ஆவி போகவிடுங்கள். மசித்தது அரைக் கிலோ என்றால் மைதா 125 கிராம், முட்டை மஞ்சள் கரு ஒன்று. ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். உருட்டி வெட்டியதைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு பையில் கொட்டிவைக்கலாம். வாரநாளில் எடுத்து, உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போடுங்கள். ஒரே தடவையில் நிறையப் போட வேண்டாம், தண்ணீர் ஆறிப்போய்க் கரைந்துவிடும்.

பெஸ்டோ மீந்தால் சின்ன டப்பாவில் அழுத்தி, மேலே எண்ணெய் ஒரு படலம் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். வெளியே வைக்கவே கூடாது. எண்ணெய்க்குள் இருக்கும் பச்சைப் பூண்டில் பாட்டுலிசம் விஷம் உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. பேசில் கட்டு பெரியதாகக் கிடைக்கிற நாளில் இரண்டு மடங்கு அரைத்து, சீஸ் சேர்க்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். சீஸை உருகிய பிறகு கலந்துகொள்ளுங்கள்.