கீழக்கரை வீட்டுக் கேமராவும் 36 மாத ஒப்பந்தமும்

கேள்வி: கீழக்கரையில் உம்மாவும் நானும் என் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். வீட்டு ஆண்கள் எல்லோரும் சபுரில், அதாவது வெளிநாட்டில். போன வருஷத் தொடக்கத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். நான்கு கேமராவும் ஒரு அலாரமும் இலவசமாக மாட்டித் தருகிறோம், மாதம் 1,500 ரூபாய் கட்டினால் 24 மணி நேரமும் எங்கள் ஆட்கள் கண்காணிப்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். உம்மா கையெழுத்துப் போட்டார்கள். தாள் முழுக்க ஆங்கிலம். தொகை எழுதாத இரண்டு செக்கும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் இரண்டு கேமரா வேலை செய்யவில்லை. கடல் காற்றில் துருப்பிடித்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதாம். 14 மாதம் கட்டிவிட்டோம். நிறுத்தச் சொன்னால், ஒப்பந்தம் 36 மாதம், மீதி 22 மாதத்துக்கு 33,000, கருவிகளுக்கு 18,000, ஆக 51,000 கட்டுங்கள், இல்லாவிட்டால் செக்கைப் போடுவோம், போலீஸுக்கும் போவோம் என்கிறார்கள். வழக்கு என்றாலும் கோர்ட்டில் இல்லை, மும்பையில் நடுவர் முன்னால்தானாம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் போலீஸ் பயத்தை இறக்கி வையுங்கள். மாதக் கட்டணத்தை நிறுத்துவது குற்றம் அல்ல, அது உரிமையியல் தகராறு. யாராவது போன் செய்து ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அந்த இரண்டு செக் வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நீங்கள் எழுதிய கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் கடைசிவரை இருந்தால் நீங்கள் இனிமேல் கட்ட வேண்டியது 33,000. இன்றைக்கே விலகினால் 51,000. அதாவது அவர்கள் இனி ஒரு நாள்கூட வேலை செய்ய வேண்டாம், கேமராக்களையும் திரும்ப எடுத்துப் போகலாம், அதற்குமேல் உங்களிடம் 18,000 கூடுதலாகவும் வாங்கலாம். இலவசம் என்று சொன்ன கருவிக்குத்தான் இந்த 18,000. உங்கள் வழக்கின் உயிர் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸிலும் நுகர்வோர் ஆணையத்தில் போடும் புகாரிலும் முதல் பத்தியாக இதையே எழுதுங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(46)இல் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது. மீறலால் எதிர்த்தரப்புக்கு வந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம், நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு முறித்துக்கொள்ளும் உரிமை, நுகர்வோரைப் பாதகத்தில் தள்ளும் நியாயமில்லாத கட்டணம் அல்லது நிபந்தனை, இவையெல்லாம் அதில் வரும். ஒப்பந்தத்தை எடுத்து, கம்பெனி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரித் தாள்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-உம் உங்கள் பக்கம்தான். எவ்வளவு பெரிய அபராதத்தை எழுதி வைத்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான்.

இப்போது துரு. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கீழக்கரையில் கடலுக்கு எதிரே நின்று கேமரா மாட்டியவர்களுக்கு அங்கே உப்புக்காற்று அடிக்கும் என்று தெரியாதா? தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் கரையில் ஜன்னல் கம்பி முதல் கேட் கீல் வரை என்ன பாடு படுகிறது என்று எந்த வீட்டிலும் கேட்கலாம். கடற்கரை வீட்டுக்கு என்றே விற்றுவிட்டு, கடல் காற்று எங்கள் பொறுப்பில்லை என்பது சேவைக் குறைபாடு. புகாரில் இப்படியே எழுதுங்கள்: கருவி எந்த இடத்துக்கு என்று அவர்களுக்குத் தெரியும், அந்த இடத்துக்குத் தாங்காத கருவியை மாட்டினார்கள், பழுதான பிறகு சரிசெய்யவும் மறுத்தார்கள், முழுக் கட்டணமும் வாங்கினார்கள். குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் இதே சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பணத்தைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு.

எங்கே போவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம், இந்த நிபந்தனை செல்லாது என்று அறிவியுங்கள்' என்று வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை. அது மாநில ஆணையத்தின் வேலை. நம் பக்கத்துக்கு அதன் மதுரை அமர்வு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டையும் நேர்மையற்ற வணிக நடைமுறையையும் கேட்கலாம். கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் இருந்தால் வழக்கு அங்கேதான், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. உங்களுக்கு நான் சொல்வது ராமநாதபுரம்தான். உங்களுக்கு வேண்டியது வெளியே வருவதும், வேலை செய்யாத மாதங்களின் பணம் திரும்புவதும். அதற்கு மதுரை வரை அலைய வேண்டாம். ஆனால் மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பைப் போடாதீர்கள், மனு திரும்பி வரலாம். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பயோனியர் அர்பன் லேண்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது ஃபிளாட் வழக்கு, பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் வாதத்துக்கு உதவும்.

மும்பை நடுவர் என்பதை மறந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் நடுவர் நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. 2018 டிசம்பரில் எமார் எம்ஜிஎஃப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. புதிய சட்டம் பிரிவு 34இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம்.

சரி, செக். இதை லேசாக எடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் அவர்கள் தொகை எழுதி வங்கியில் போட்டால், பணம் இல்லை என்று திரும்பும்போது செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138 வரும், அதாவது செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு. அதனால் கணக்கைத் துடைத்துக் காலி செய்யாதீர்கள். உம்மா வங்கிக்கு எழுதிக் கொடுக்கட்டும்: செக் எண் இன்னது, பாதுகாப்புக்காக வெறுமையாகக் கொடுத்தது, கடன் எதுவும் இல்லை, பணம் கொடுக்க வேண்டாம். ஒரு நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை கணக்கில் இருப்பும் இருக்கட்டும், பணம் இல்லாததால் செக் திரும்பவில்லை என்று காட்ட அது உதவும். அதே நாளில் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் தகவல் போகட்டும். தானியங்கிப் பிடித்தம் வைத்திருந்தால் வங்கியில் அந்த ஒப்புதலையும் ரத்து செய்யுங்கள். பிறகு 138 நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போயாக வேண்டும், அலமாரியில் வைத்துவிடக் கூடாது.

உங்கள் வழக்கில் பலவீனமான இடமும் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் புரியவில்லை என்ற காரணம் மட்டும் போதாது. கையெழுத்துப் போட்டவர் படித்துத்தான் போட்டார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து விற்றதை இத்தனை நாளில் திருப்பிவிடலாம் என்ற பொதுவான உரிமையும் நம் நாட்டில் இல்லை. அதனால் 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்று சொன்னதற்கு ஆதாரம் தேடுங்கள். அந்தப் பையன்கள் வாட்ஸ்ஆப்பில் ஏதாவது அனுப்பினார்களா? பக்கத்து வீட்டிலும் அதே பேச்சைப் பேசி மாட்டினார்களா? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் பெரிய பலம். வாட்ஸ்ஆப் செய்தி வந்த போனை மாற்றாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள்.

புகாரை உம்மா பெயரில் போடுங்கள். அவர்கள் ஆணையத்துக்கு வர முடியாவிட்டால், அதே வீட்டில் இருந்து சேவையைப் பயன்படுத்திய நீங்களும் நுகர்வோர்தான், நீங்களே போடலாம். சபுரில் இருக்கும் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. புகார் கொடுப்பதற்கான 2 வருஷக் கெடுவை கேமரா பழுதான நாளிலிருந்து எண்ணாதீர்கள், ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொண்டால் யாரும் தகராறு செய்ய முடியாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரச் சட்டம் இருக்கிறது. 15100க்கு அழைத்தால் ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைத் தொடர்புகொள்ள வழி சொல்வார்கள். 1915இல் நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். சில கம்பெனிகள் அந்த ஒரு போனுக்கே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சட்டத்தைவிட அவசரமானது. நான்கு கேமராவில் இரண்டு இன்னும் வேலை செய்கிறது. பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீட்டை, உங்களோடு சண்டையில் இருக்கும் ஒரு கம்பெனியின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துருப்பிடித்த கேமராக்களை நாலா பக்கமும் படம் எடுத்து வைத்துவிட்டு, நோட்டீஸ் போகும் அன்றே எல்லாவற்றின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள், வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். பதிவான காட்சிகளை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி கொடுக்கும்படி அதே நோட்டீஸில் கேளுங்கள். கருவிகளைக் கழற்ற ஆள் வந்தால், வீட்டு ஆண் ஒருவரோ ஜமாஅத்தில் தெரிந்த பெரியவரோ கூட இருக்கும் நாளில் மட்டும் உள்ளே விடுங்கள், எத்தனை கருவி எடுத்தார்கள் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு கேமராவைக்கூடக் கொடுக்காதீர்கள்.