இரண்டு யானை, ஒரு ராஜா

கேள்வி: லீவுக்கு வந்த பேரன் நாலே நகர்த்தலில் செக்மேட் வைத்துத் தங்கச்சியைத் தினமும் அழவிடுகிறான். அவள் செஸ்ஸே வேண்டாம் என்கிறாள். எனக்குக் காய் நகர்த்த மட்டும்தான் தெரியும். அவளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
- ஓர் அப்பத்தா, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

காய் நகர்த்தத் தெரிந்தால் போதும். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மாதான்.

பேரனின் வித்தை எதிராளி அசந்தால் மட்டுமே பலிக்கும். பேத்திக்கு என்றும் பலிக்கிற ஒன்றைக் கொடுங்கள். 32 காய்களையும் அடுக்காதீர்கள். வெள்ளைக்கு ராஜாவும் இரண்டு யானையும், கறுப்புக்கு ராஜா மட்டும்.

உங்கள் வீட்டு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும் அல்லவா? யானையின் பார்வை அதுதான். நடுவில் ஆள் நின்றால் மறைந்துவிடும். பிள்ளைகளை நிற்கவைத்தே காட்டுங்கள்.

இனி பலகைக்கு வாருங்கள். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் கட்டங்களின் பெயர் இப்படி: இடமிருந்து வலமாக ஏ, பி, சி என எச் வரை; கீழிருந்து மேலாக வரிசை 1 முதல் 8 வரை. கறுப்பு ராஜா இ5. வெள்ளை யானைகள் ஏ4, பி1; ராஜா ஜி1. ஏ4 யானை நாலாம் வரிசைக்குப் போட்ட தாழ்ப்பாள். கறுப்பு ராஜா அதைத் தாண்டி இறங்க முடியாது. மற்ற யானை பி5-க்குப் போய்ச் செக். ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியே ஆகவேண்டும். இப்போது பி5 தாழ்ப்பாள். ஏ4 யானை ஏ6-க்கு வந்து செக். இப்படியே மாறி மாறி ஏறினால் எட்டாம் வரிசைக்கு மேல் ராஜாவுக்குப் போக இடமில்லை. செக்மேட்.

பிள்ளைகள் தடுமாறுவது ராஜா யானைப் பக்கம் ஓடிவரும்போதுதான். யானைகள் ஏ6, பி5. ராஜா சி7 என்று வையுங்கள். பழக்க தோஷத்தில் பி7-க்கு ஏறினால் ராஜா வெட்டிவிடும். செக் வைக்கும் அவசரத்தை விட்டு, பி5 யானையை அதே வரிசையில் எச்5 வரை ஓட்டச் சொல்லுங்கள். ராஜா பி7-க்கு வந்து ஏ6 யானையை மிரட்டினால் அது ஜி6-க்குப் போகட்டும். எச்6-க்குப் போனால் எச்5 யானைக்கு வழி அடைபடும். பிறகு பழையபடி எச்7, ஜி8. முடிந்தது. இந்த ஓர் இடத்துக்கு ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

பிடிபட்டதும் அண்ணனைக் கறுப்பு ராஜாவோடு எதிரே உட்காரவையுங்கள். எங்கே ஓடினாலும் அவள் பிடிக்கட்டும். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறட்டும். அவனுக்கும் இது தெரிந்திருக்காது.

"ஒரே யானை இருந்தால் முடியாதா அப்பத்தா?" என்று அவளே கேட்பாள். முடியும், ஆனால் வெள்ளை ராஜாவும் கூட நடக்க வேண்டும். அப்போது மறுபடி எழுதுங்கள், சொல்கிறேன்.